எக்ஸ்ரே நார்மல்னா எல்லாம் நார்மல்னு அர்த்தம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எக்ஸ்ரே தினத்துக்கு நீங்க போட்ட கட்டுரை நல்லா இருந்துச்சு, ராண்ட்ஜன் 1895-ல கண்டுபிடிச்சது, 1901-ல நோபல் வாங்குனது எல்லாம் சரி, ஆனா அதோட நிறுத்திட்டீங்களே. கடலூர்ல எக்ஸ்ரே டெக்னீஷியனா இருக்கேன், மனசு கேக்கல, எழுதுறேன்.

வலை இழுத்து இழுத்து தோள்பட்டை போன அண்ணனுங்க வருவாங்க. பிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு "எலும்பு நல்லாத்தானே தம்பி இருக்கு, அப்புறம் ஏன் கை மேல தூக்க வரல"ன்னு கேப்பாங்க. ஜவ்வு கிழிஞ்சிருந்தா அதுல தெரியாதுண்ணே. எலும்புல கால்சியம் இருக்கு, கதிரை நல்லா தடுக்கும், சதை ஜவ்வு நரம்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு உள்ள விட்ருது, படத்துல மொத்தமும் ஒரே சாம்பல் கலர்தான். கேவியை, அதாவது ட்யூப்புக்குக் குடுக்குற கிலோவோல்ட்டைக் குறைச்சா கொஞ்சம் வித்தியாசம் தெரியும், மேமோகிராமை, அதான் மார்பக எக்ஸ்ரேயை, 25, 30 கேவில எடுக்குறது அதுக்குத்தான். தட்டு வெச்சு அழுத்துறப்ப அக்காங்க என்னைத் திட்டாத நாள் இல்ல, ஆனா தட்டையானாத்தான் கதிரும் கம்மியா போதும், கட்டியும் மறையாம தெரியும்.

இப்ப வர்ற பேஸ் கான்ட்ராஸ்ட் முறை வேற மாதிரி. கதிர் எவ்வளவு குறைஞ்சுதுன்னு மட்டும் பாக்காம, உடம்புக்குள்ள போய் வர்றப்ப எவ்வளவு லேசா வளைஞ்சுதுன்னும் பாக்குறாங்க, சதையில அந்த மாற்றம், கதிர் குறையுறதை விட ஆயிரம் மடங்கு வரைக்கும் பெருசாம். மொதல்ல எலக்ட்ரானை வட்டமா வேகமா சுத்த விட்டு பலமான எக்ஸ்ரே எடுக்குற சிங்க்ரோட்ரான் மாதிரி ராட்சச மிஷின் இருந்தாத்தான் முடியும்னு இருந்துச்சு, இத்தாலில ட்ரியெஸ்தேல அதுல நிஜ பேஷன்ட்டுகளுக்கே மார்பகப் படம் எடுத்தாங்க. 2006-ல சுவிட்சர்லாந்துல பைஃபர்ங்கிற விஞ்ஞானியோட குழு, மைக்ரான் கணக்குல நெருக்கமா கோடு போட்ட கிரேட்டிங்ங்கிற தகடு மூணை வெச்சு சாதா எக்ஸ்ரே ட்யூப்லயே செஞ்சு காட்டிட்டாங்க. அதே வழில ம்யூனிக்ல நெஞ்சுப் படம் எடுத்து, நுரையீரல் காத்துப்பை கெட்டுப் போறதைக் காட்டி 2021-ல ரிசல்ட் போட்டாங்க. வெறகடுப்புப் புகையில நெஞ்சு கெட்ட நம்ம ஊரு ஆயாங்களுக்கு இது எவ்வளவு உதவும்!

இந்தூர்ல இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் நம்ம நாட்டுலயே ஓடுது, இமேஜிங்குக்குன்னே தனி பீம்லைனும், அதாவது கதிரை வெளிய கொண்டு வர்ற தனிப் பாதையும் இருக்கு. பக்கத்துல புதுச்சேரில ஜிப்மர் இருக்கு. அந்த இந்தூர் ஆளுங்களையும் ஜிப்மர் ரேடியாலஜி டாக்டருங்களையும் கேட்டு, இது நம்ம ஆஸ்பத்திரிக்கு வர என்ன தடை, மிஷின் விலையா, கதிர் அளவா, படம் எடுக்க ஆகுற நேரமான்னு ஒரு முழுப்பக்கம் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன்,
கடலூர் ஓ.டி.