பட்டினத்தார் வீட்டுக் கடன்

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கவிஞர்களை வைது தீர்த்துவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று முட்டிவலியைச் சொல்லியிருக்கிறாய். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. இனி சண்டைக்கு வருகிறேன்.

உன் கவிஞர் பட்டியலில் பாரதிக்கு முதலிடம் என்கிறாய், சரி. ஆனால் கண்ணதாசனை "ஊதிப் பெருக்கப்பட்டவர், பாதிச் சரக்கு கடன்" என்று எழுதியிருந்ததைப் படித்ததும் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீர் புரையேறிவிட்டது. அதற்கு நீ காட்டும் சாட்சி 'வீடு வரை உறவு, வீதி வரை மனைவி'. 1962இல் 'பாத காணிக்கை' படத்துக்கு எழுதியது. பட்டினத்தாரிடம் வாங்கியது என்கிறாயே, அவர் பாட்டை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன் (என் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது உனக்கே தெரியும்). 'அகத்து மட்டே', 'வீதி மட்டே', 'சுடுகாடு மட்டே' என்று அவரும் அதே படிகளில்தான் இறங்குகிறார். கடன்தான், மறுக்கவில்லை.

கடைசிப் படியைக் கவனித்தாயா? பட்டினத்தாரிடம் பதில் இருக்கிறது. புண்ணியமும் பாவமும் கூடவே வரும் என்று கணக்கை முடித்துவிடுகிறார். கண்ணதாசனோ 'கடைசி வரை யாரோ' என்று சொல்லிவிட்டு நம்மை அங்கேயே விட்டுவிடுகிறார். போன மாதம் நம் தோட்டத்துக்காரர் ஒருவரை வழியனுப்ப பத்து லஞ்சாங் மயானத்துக்குப் போனேன். திரும்பும்போது வேனில் எவனோ கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டான். அதுவரை சாப்பாடு எங்கே என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த 'யாரோ' வந்ததும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாவ புண்ணியத்தைச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பேச்சையே தொடர்ந்திருப்போம்.

கடன் என்றே வைத்துக்கொண்டாலும், உன் ஆள் மட்டும் யோக்கியமா? அதே பட்டினத்தார் பாட்டில் மகன் 'விம்மி விம்மி' அழுகிறான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடும் பாரதி 'விம்மி விம்மி விம்மி விம்மி' என்கிறார். இரண்டு வாங்கி நாலாகத் திருப்பியிருக்கிறார், வட்டியோடு! இது வெறும் குறும்பு, கோபிக்காதே. அந்தப் பாட்டை நான் சத்தம் போட்டுப் படிப்பதில்லை. கப்பலேறி வந்து ரப்பர் பால்மரக் காட்டில் கிடந்த என் பாட்டியைப் பார்க்காமலே பார்த்து எழுதியது மாதிரி இருக்கும். 38 வயதில் போய்விட்டார் மனுஷன்.

கம்பனைப் பற்றி வம்புக்கு இழுக்காதே. பத்தாயிரம் பாட்டுக்கு மேல், நான் பாலகாண்டமே தாண்டாதவன்.

என் முதலிடம் யாருக்கு என்று கேட்டாயே? செம்புலப் பெயனீரார். சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை, 'செம்மண்ணில் பெய்த மழைநீர் போல' நெஞ்சங்கள் கலந்தன என்று அவர் எழுதிய உவமையே பெயராகிவிட்டது. குறுந்தொகையில் நாற்பதாவது பாட்டு, ஐந்தே வரி. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வைத்தது அம்மாதான். மழையில், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கள மேட்டிலிருந்து சறுக்கி விளையாடிவிட்டு வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைச் சட்டையைக் கல்லில் அடித்து அடித்து, "தண்ணி எது, மண்ணு எதுன்னு பிரிக்க முடியுதா பாரு" என்று திட்டுவார். வாளியில் தண்ணீர் செக்கச்செவேலென்று இருக்கும். அந்தச் சட்டை மறுபடி வெள்ளையாகவே இல்லை.

இன்னொரு குறை. உன் பட்டியலில் நம் மலேசிய நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. விழாவுக்கு விழா எழுந்து நின்று 'காப்பியனை ஈன்றவளே' என்று தமிழ் வாழ்த்துப் பாடுகிறாய், எழுதிய சீனி நைனா முகம்மது உனக்கு ஞாபகம் வரவில்லையா? இங்கே பினாங்கில் இருந்துதான் 'உங்கள் குரல்' இதழை நடத்தினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் காற்று பட்டால் வடக்கு மறந்துபோகும் போலிருக்கிறது.

தைப்பூசத்துக்குக் கட்டாயம் வா. இந்த முட்டியோடு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறவேண்டாம். அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மீதிச் சண்டையைப் போடுவோம். தோற்றவன் நாசி கண்டார் சோறு வாங்கித் தரவேண்டும்.

அப்புறம், வரும்போது என் பட்டினத்தார் புத்தகத்தைக் கொண்டு வா. அதுவும் கடன்தான்.

அன்புடன்,
உன் பினாங்குக்காரன்