மாப்ளைக்கு, இல்லாத பிளாக் விடோ பத்தி

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் பதில் போடலன்னு திட்டியிருப்ப, திட்டிக்கோ. பெரியவளுக்கு பப்ளிக் எக்ஸாம், வீட்ல டிவி கட், போன்ல சத்தமா பேசினா கூட முறைக்கிறா, நான் மொட்டை மாடி ரூம்ல போய் உக்காந்து சத்தமில்லாம செய்யக்கூடிய ஒரே வேலை பிளாஸ்டிக் பிளேன் மாடல் கிட் ஒட்றதுதான், அந்தப் புண்ணியத்துல ரெண்டு வருஷமா பரண்ல தூங்கிட்டிருந்த பி-61 பிளாக் விடோவ இறக்கிட்டேன், ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரன் ராத்திரி சண்டைக்குன்னு செஞ்ச பிளேன் (நைட் ஃபைட்டர்). 1/48 ஸ்கேல்டா, ரெக்கை இந்த முனையில இருந்து அந்த முனைக்கு 42 சென்டிமீட்டர் வருது, முடிச்சதுக்கப்புறம் இத எங்க வைக்கப்போறீங்கன்னு உன் தங்கச்சி கேக்கறா, கேள்வி நியாயமானதுதான், பதில்தான் இல்ல.

உன் முட்டி எப்படி இருக்கு? படிக்கட்டு ஏறாதன்னு டாக்டர் சொல்லியும் மூணாவது மாடியில வீடு பாத்திருக்கியே, உன்ன என்ன சொல்றது.

சரி மேட்டருக்கு வரேன். நீ என்ன எழுதியிருந்த? "அப்படியே ஒட்டாத, அதுல ரெண்டு ஜெட் எஞ்சின் மாட்டு, கெத்தா இருக்கும்"னு. நானும் பேப்பர்ல வரைஞ்சு பாத்தேன்டா. ஆகாது. அந்த பிளேனோட அமைப்பு தெரியும்ல, நடுவுல ஆளுங்க உக்கார்ற கூடு, அதான் பாட், ரெண்டு பக்கமும் எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினுக்கும் நேர் பின்னாடி நீளக் குழாய் மாதிரி ஒரு பூம், பூம் முடியற எடத்துல வால். எஞ்சின் எடத்துல ஜெட்ட வச்சா வர்ற சூடு நேரா பூமத்தான் வறுக்கும், வஞ்சிர மீன் மாதிரி. சரி ரெக்கைக்குக் கீழ தொங்கவிடலாம்னா சக்கரம் மடங்கறதே அந்த எஞ்சின் கூட்டுக்குள்ளதான், அப்ப சக்கரத்த எங்க கொண்டு போய் வைப்ப? நடுப் பாட்ல வச்சு வாம்பயர் ஜெட் பிளேன் மாதிரி பின்னாடி ஊதவிடலாம்னு பாத்தா, அங்க கண்ணாடிக் கூண்டுல ரேடார் ஆபரேட்டர் உக்காந்திருக்கான், அவன எங்க அனுப்பறது. பிளாக் விடோவ செஞ்ச நார்த்ராப் கம்பெனிக்காரனும் இத ஜெட்டா மாத்திக்கிட்டு இருக்கல, ஸ்கார்பியன்னு புதுசாவே ஒரு ஜெட் போட்டான், 1948 ஆகஸ்ட்ல பறந்துச்சு. அவனுக்கே வேணாம்னா நமக்கு எதுக்கு.

எனக்கு ஒண்ணு தோணுதுடா, இல்லாத பிளேன் செய்யறதுன்னா சும்மா எதையாவது எதுலயாவது சொருகறது இல்ல. சரித்திரத்துல எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கணும், நம்ம பிளேன் அதுல கச்சிதமா போய் உக்காரணும். பாக்கறவன் ஒரு நிமிஷமாவது "அட, இது இருந்துச்சா?"ன்னு முழிக்கணும். நிஜத்துலயே பாரேன், பி-61பி ரெண்ட எடுத்து ரேடார கழட்டி, மூக்குல நாலு மெஷின் கன் வச்சு, மேல குமிழ் மாதிரி கண்ணாடி போட்டு, பகல்ல பாம்பர் கூட துணைக்குப் போற எக்ஸ்பி-61ஈ-ன்னு செஞ்சான், அது எடுபடல. அதுல ஒண்ணு 1945 ஏப்ரல்ல விழுந்து போச்சு. மிச்சம் இருந்தத போட்டோ எடுக்கற பிளேனா மாத்தினான், அதுதான் எஃப்-15 ரிப்போர்ட்டர், கேட்டது 175, கட்டினது 36. அதுங்க கொரியாவ சண்டைக்கு முன்னாடியே படம் பிடிச்சு வச்சது 1950-ல சண்டை வந்தப்ப உதவுச்சு. யாராவது இத சும்மா கற்பனைன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா நீ?

நான் பிடிச்ச ஓட்டை நம்ம ஊர்ப் பக்கம். 1944 கடைசியில அமெரிக்காக்காரனோட 427வது நைட் ஃபைட்டர் ஸ்க்வாட்ரன் பிளாக் விடோவோட வங்காளத்துல பாண்டவேஸ்வர்ல வந்து இறங்கி அப்புறம் பர்மாவுக்குப் போச்சு. இது நிஜம். சண்டை முடிஞ்சதும் கான்பூர்ல உடைச்சுப் போட்டு வச்சிருந்த லிபரேட்டர் பாம்பருங்கள நம்ம பிளேன் கம்பெனி எச்ஏஎல் ஆளுங்க பொறுக்கி எடுத்து, பாகத்துக்கு பாகம் கோத்து, நாப்பது சொச்சம் பறக்க வச்சாங்கள்ல, அதுவும் நிஜம், அதுல சிலது 1968 வரைக்கும் ஓடுச்சு. நம்ம ஏர்ஃபோர்ஸுக்கு நைட் ஃபைட்டர்னு வாம்பயர் வந்ததே 1953-ல. அப்ப நடுவுல அஞ்சாறு வருஷம் காலி. பாண்டவேஸ்வர்ல நாலஞ்சு பிளாக் விடோவ விட்டுட்டுப் போயிருந்தான்னு வச்சுக்கோ, கான்பூர்ல லிபரேட்டர் பக்கத்துலயே அதையும் கோத்திருக்க மாட்டாங்களா? கதை ரெடி.

இப்ப கஷ்டத்துக்கு வரேன். இந்த கிட்டுக்கு முன் சக்கரத்த ஊனி நிக்கற குணமே கிடையாது, எடை வைக்கலன்னா பொத்துன்னு வால்ல உக்காந்துக்கும். மீன்பிடிக்கற கடையில ஈயக்குண்டு கால் கிலோ வாங்கி, சுத்தியால தட்டி, மூக்குல கொஞ்சம், பைலட் சீட்டுக்கு அடியில கொஞ்சம்னு ஃபெவிக்விக் ஊத்தி ஒட்டினேன். நின்னுச்சு. ரொம்ப நல்லா நின்னுச்சு, மறுநாள் காலையில பாத்தா அந்த வெயிட்ல முன் சக்கரத்து கால் நடக்கப் பழகற கொழந்தை மாதிரி வளைஞ்சு கெடக்கு. அத எடுத்துட்டு ஊக்கு கம்பிய வெட்டி கால் செஞ்சேன். பூம் ஜாயிண்ட்ல இருந்த சந்துக்கு எம்-சீல், துப்பாக்கிக் குழாய்க்கு சிரிஞ்சு ஊசி, நம்ம பழைய வைத்தியம்தான்.

முதுகு மேல இருக்கற டரட்ட, அதான் சுத்தற துப்பாக்கிக் கூண்ட, விட்டுட்டேன். நிஜத்துலயே அத பக்கவாட்டுல திருப்பினா வால் பக்கம் உதறுதுன்னு முதல்ல கொஞ்ச பிளேனுக்கு அப்புறம் போடாமலே விட்டாங்க, நாலு மெஷின் கன் துளை போடற வேலை எனக்கு மிச்சம்.

அப்புறம் பெயிண்ட். பளபளக்கற கருப்புடா, மேட் இல்ல. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, மேட் கருப்புதான் ராத்திரியில மறையும்னு நாம நெனைக்கறோம், ஆனா டெஸ்ட் பண்ணிப் பாத்தப்ப சர்ச்லைட் அடிச்சா மேட் கருப்பு வெளிச்சத்த எல்லாப் பக்கமும் சிதறடிச்சு கீழ இருக்கறவனுக்கு பளிச்சுன்னு காட்டிக் குடுத்துருச்சு, பளபளப்பு கருப்பு கண்ணாடி மாதிரி வெளிச்சத்த வேற பக்கம் தள்ளிவிட்டு காணாம போயிருச்சு. ஆனா மாடலுக்கு அது எமன். ஒரு தூசி விடாது, ஒரு கோடு விடாது. மூணு தடவை அடிச்சு மூணு தடவை 2000 நம்பர் ஷீட்ல தண்ணி விட்டுத் தேய்ச்சேன். மூணாவது தடவை அடிச்சு முடிச்சு கை எடுக்கறேன், மேல் வீட்டம்மா பக்கத்து கொடியில பெட்ஷீட்ட உதறுது. நான் ஒண்ணும் சொல்லல. போய் டீ குடிச்சுட்டு வந்தேன்.

இன்னொரு சிக்கல், 1948-ல இருந்து 1950 வரைக்கும் நம்ம பிளேனுங்க மேல அசோக சக்கரம் இருந்துச்சுல்ல, வெள்ளை வட்டத்துல நீலச் சக்கரம், அது வேணும் எனக்கு. இங்க்ஜெட்ல வெள்ளை பிரிண்ட் ஆகாது, கருப்பு மேல ஒட்டினா ஒண்ணுமே தெரியாது. அதனால ஒரு ரூபாய் காச வச்சு டேப்ப வட்டமா வெட்டி, வெள்ளை அடிச்சு, அது மேல சக்கரத்த ஒட்டினேன். சின்னவ பூதக்கண்ணாடி வச்சு ஆரத்த எண்ணினா, "அப்பா 24 இருக்கு, கரெக்ட்"டுன்னா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நம்ம பிளேன் எதுக்குப்பா கருப்பா இருக்கு, அப்ப யாரு லைட் அடிச்சாங்க?"ன்னு கேட்டா பாரு. எனக்கு பதில் வரல மாப்ள. கான்பூர்ல பார்ட்டு பார்ட்டா கோத்த பிளேனுக்கு உக்காந்து மூணு கோட் பளபளப்பு யாரு அடிச்சிருப்பா?

ரெண்டு நாள் தூக்கமில்ல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அமெரிக்காவுல 1946-ல ஃப்ளோரிடாலயும் அடுத்த வருஷம் ஒஹையோலயும் இடிமேகத்துக்குள்ள பிளேன விட்டு ஆராய்ச்சி பண்ணினாங்க, அதுக்கு எடுத்தது பிளாக் விடோவத்தான். உடம்பு கெட்டி, மழைய பாக்க மூக்குல ரேடார் இருக்கு. அஞ்சு பிளேன் ஒண்ணு மேல ஒண்ணா, 5000 அடியில இருந்து 25,000 அடி வரைக்கும் அஞ்சாயிரம் அஞ்சாயிரம் அடி இடைவெளியில ஒரே மேகத்துக்குள்ள நுழையும். காத்து மேல தூக்கினா பைலட் எதிர்த்து இழுக்கக்கூடாது, போகவிடணும், எவ்ளோ தூக்குதுங்கறதுதான் கணக்கே. நினைச்சுப் பாரு, ராத்திரி சண்டைக்குப் பொறந்த பிளேன் மேகத்துக்குள்ள போய் சும்மா தூக்கி அடிபட்டுட்டு வருது.

அப்ப வங்காளத்துல சித்திரை வெயில்ல சாயங்காலம் அடிக்குமே கால்பைசாகிங்கற இடிப்புயல், அதுக்குள்ள போக நமக்கும் ஒண்ணு இருந்தா? கல்கத்தா டம்டம் ஏர்போர்ட்ல நிக்குது, கீழ நாலு பீரங்கியும் கழட்டியாச்சு, ஓட்டைய தகரம் வச்சு மூடியாச்சு, அமெரிக்காக்காரன் அடிச்ச கருப்பு அப்படியே வெளுத்துப் போய் கெடக்கு, மேகத்துக்குள்ள இருந்து வெளிய வந்தா கண்ணுக்குத் தெரியணும்னு ரெக்கை நுனியும் வாலும் மட்டும் மஞ்சள். அந்த பெட்ஷீட் தூசி கூட இப்ப கதைக்கு ஒத்து வருதுடா!

நேத்து மஞ்சள் அடிச்சேன். கருப்பு மேல மஞ்சள் அடிச்சா பச்சையா தெரியுது, கீழ வெள்ளை குடுத்திருக்கணும், மறந்துட்டேன், இப்ப திரும்ப தேய்க்கணும். நீ தை மாசம் வரும்போது அங்க அந்த நல்ல மாஸ்கிங் டேப் கிடைக்கும்ல, 6 மில்லிமீட்டர்ல ரெண்டு ரோல் வாங்கிட்டு வா. 3 மில்லிமீட்டர் வேணாம், போன தடவை அததான் வாங்கிட்டு வந்த.

மச்சான்