கயலுக்கு, புளி போட்ட காசோடு

அன்புள்ள கயல்,

அன்றைக்கு போனில் கேட்டாயே, "பளபளன்னு இருக்கிறதை விட்டுட்டு கறுத்துப்போனதுக்கு ஏம்ப்பா இவ்வளவு பணம்?" என்று. சிரித்து மழுப்பிவிட்டேன். இந்த உறையில் இரண்டு காசு வைத்திருக்கிறேன். இரண்டுமே 1803-இல் பிலடெல்பியாவில் அடித்த ஒரு சென்ட். இன்றைய கால் டாலரைவிடப் பெரிசு. விளிம்பைப் பிடித்து எடு. முகத்தில் விரல் பட்டால் ரேகை செம்பிலேயே தங்கிவிடும்.

விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார். சுதந்திர தேவியின் நெற்றிக்கு மேல் இருக்கும் முடி, தோளில் கிடக்கும் துணி மடிப்பு, இவைதான் முதலில் தேயும். தேய்மானம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று கருப்பட்டி நிறம். மற்றது சோகை பிடித்த ஒரு ரோஸ், நடுவில் திட்டுத்திட்டாகக் கறுப்பு.

அது என் கைவரிசை. நீ பிறப்பதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை பூஜைச் செம்பு விளக்க அம்மா ஊறவைத்திருந்த புளியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தேன். ஐந்தே நிமிஷம், குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பெருமையாகக் கொண்டுபோய் ஒரு காசு வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

புதுச் செம்பு செக்கச்சிவப்பு. காற்றுப் பட்டுப் பட்டு இருநூறு வருஷத்தில் ஏறியதுதான் அந்தப் பழுப்பு. அதை நான் ஐந்து நிமிஷத்தில் உரித்துவிட்டேன்.

காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை எண் போடும் முறையை 1949-இல் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன். இந்தப் பெரிய செம்பு சென்ட்டுகளுக்காகத்தான் அதை வகுத்தார். மட்டமான 1 தரம் ஒரு டாலர் என்றால் 70 தரம் எழுபது டாலர் என்பது அவர் கணக்கு. விலைக்கணக்கு பொய்த்துப்போனது, எண் மட்டும் நிலைத்தது. (மனிதர் யோக்கியர் இல்லை. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தன் மட்டமானவற்றை அங்கே வைத்தது அவர் போன பிறகு தெரிந்தது.)

பழைய செம்பு சேர்ப்பவர்கள் முதலில் தேய்மானத்தை மட்டும் பார்த்து ஓர் எண் போடுவார்கள். அப்புறம் கீறல், அரிப்பு, பச்சைக் களிம்பு, கழுவிய பாவம், எல்லாவற்றுக்கும் கழிப்பார்கள். என் காசு 20-இல் தொடங்கி 8-இல் வந்து நின்றது.

ஆசையெல்லாம் 1793 சங்கிலி சென்ட் மேல்தான், பின்பக்கத்தில் சங்கிலி வளையம் பொறித்தது. மொத்தமே 36,103 அடித்தார்கள். சுதந்திரத்துக்குப் போய்ச் சங்கிலியா என்று கிண்டல் கிளம்பவே, மாலையாக மாற்றிவிட்டார்கள். அதற்கு வீட்டை விற்க வேண்டும், விடு.

கருப்பட்டி உனக்கு. ரோஸை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு, அது என் மேஜையில்தான் இருக்க வேண்டும். அடுத்த மாதம் அம்மா அங்கே வரும்போது உன் காசை அவள் கண்ணில் காட்டாதே. செம்போடு சேர்த்து விளக்கிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா