ஜேடுக்கு மூன்று காலம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும், பழைய சீன ஜேடு கற்பொருள்களுக்கான பதிவேட்டின் முதல் வரைவும் வந்து சேர்ந்தன. ‘காலம்’ என்று ஒரே ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். அதை மூன்றாக்கு: செய்த காலம், புதைத்த காலம், பிறகு யாராவது கைவைத்த காலம். இது இல்லாமல் மற்றதை எத்தனை கவனமாக எழுதினாலும் வீண்.

ஜேடு எளிதில் அழியாது, கைமாறிக்கொண்டே போகும். சீனாவின் செங்டு நகரில் ஜின்ஷா அகழாய்வில் 2001இல் கிடைத்த பத்தடுக்கு ட்சோங் (வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையும் கொண்ட ஜேடுக் குழல்), அங்கே மண்ணுக்குள் போவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே லியாங்ஜூ என்ற புதிய கற்காலச் சீனப் பண்பாட்டு மக்கள் செய்தது. கல்லறைக் கரியையும் எலும்பையும் கரிமப் பரிசோதனைக்கு அனுப்பினால் அவற்றின் வயது தெரியும், கல்லைச் செதுக்கிய நாள் தெரியாது.

அதற்குக் கருவித் தடத்தைத்தான் பார்க்க வேண்டும். விளக்கைத் தாழ வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி பிடி. வளைந்த கோடுகள் தெரிந்தால் கயிறும் மணலும் கொண்டு அறுத்தது. ட்சோங்கின் துளைக்குள் நடுவில் ஒரு படி தட்டுப்படும். இரு முனையிலிருந்தும் துளைத்து வந்தவை நேராகச் சந்திக்கவில்லை என்று பொருள். படி இல்லையே என்று போலி எனத் தள்ளாதே, தேய்த்து மழுப்பியிருப்பார்கள். படி இருப்பது மட்டும் சான்றும் ஆகாது, போலி செய்பவனுக்கும் அது தெரியும்.

படம் எடுக்குமுன் ட்சோங்கை நேராக நிறுத்து. அகலமான முனை மேலே, குறுகியது கீழே. அதில் செதுக்கிய முகத்தில் கண் மேலே, மூக்குப் பட்டை கீழே. தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றில் சியான்லாங் பேரரசரின் கவிதையே தலைகீழாகத்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கவிதை 18ஆம் நூற்றாண்டு. மூன்றாம் கட்டம் அதற்குத்தான்.

உயரத்தோடு எடையையும் எழுது. ஃபான்ஷான் என்ற லியாங்ஜூ இடுகாட்டில் 12ஆம் கல்லறையின் பெரிய ட்சோங் 8.9 செ.மீ. உயரம்தான், எடையோ 6.5 கிலோ. பீ என்ற, நடுவில் துளையுள்ள தட்டை வட்டத்துக்குத் தடிமனை நான்கு இடத்தில் அள. லியாங்ஜூ பீ பல இடங்களில் மெலிந்தும் தடித்தும் இருக்கும், ஒரே எண் போட்டால் அந்தத் தகவல் போய்விடும்.

அடர்த்தி: உலர் எடையை, உலர் எடைக்கும் நீரில் தொங்கவிட்ட எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு. 2.9 முதல் 3.0 வரை வந்தால் நெஃப்ரைட்டுக்கு, அதாவது பழைய சீன ஜேடுக் கல்லுக்குப் பொருந்தும். 2.6 அருகே என்றால் பெரும்பாலும் செர்பென்டைன், ஜேடு போலத் தோன்றும் வேறு கல். 3.3 வந்தால் ஜேடைட், ஜேடு என்றே அழைக்கப்படும் இன்னொரு கனிமம். பர்மாவிலிருந்து அது சீனாவுக்குப் பெருமளவில் வந்ததே 18ஆம் நூற்றாண்டில்தான், ஆகவே லியாங்ஜூ என்ற பேச்சுக்கு இடமில்லை. வெளுத்து நுண்துளை விழுந்த கல்லை மட்டும் நீரில் இறக்காதே. துளைக்குள் நிற்கும் காற்றால் எண் குறைந்து வரும், ஒட்டியிருக்கும் சாதிலிங்கச் சிவப்பும் கழுவப்பட்டுப் போகலாம். பதிவு எண்ணையும் அதன்மேல் எழுத வேண்டாம், பருத்தி நூலில் அட்டை கட்டு. கெட்டியான கல்லென்றால் பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசினைப் பூசி, தடம் இல்லாத அடிப்பக்கத்தில் எழுதலாம்.

‘பயன்’ என்ற கட்டத்தில் ‘வானத்துக்குப் பீ, பூமிக்கு ட்சோங்’ என்று எழுதியதை அடித்துவிடு. அது சோவ் சடங்கு நூலின் வாக்கு, லியாங்ஜூ முடிந்து சுமார் இரண்டாயிரம் ஆண்டு கழித்து வந்தது. ‘கல்லறையில் உடலருகே வைத்தது’ என்று, கண்டதை மட்டும் எழுது.

திருத்திய படிவத்தை அனுப்பு, துளைக்குள் எடுத்த படங்களோடு.

அன்புடன்,
சேகர்