செயலாளரின் ஆண்டறிக்கை: திருகோணமலையில் ஜியோமெட்ரிடே அந்துப்பூச்சிகள்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தாவும் பெரும்பாலும் வந்து சேர்ந்தது. இந்த ஆண்டு எங்கள் உழைப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது ஜியோமெட்ரிடே குடும்பத்து அந்துப்பூச்சிகள்தான். ஆகவே மிச்சமெல்லாம் அதைப் பற்றியே.

உலகில் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 23,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இதன் புழுவைச் சின்னப் பிள்ளையும் இனங்காணும்: சாண் போட்டு அளப்பதுபோல வளைந்து வளைந்து நடக்கும். மற்றப் புழுக்களுக்குப் பொதுவாக ஐந்து சோடிப் போலிக்கால்கள், அதாவது உடம்பின் பின்பகுதியில் பற்றிப்பிடிக்க உதவும் சதைக்கால்கள், உண்டு. ஜியோமெட்ரிடே புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வால்பக்கத்தில் இரண்டு சோடிதான். நடு உடம்புக்குப் பிடிமானம் கிடையாது, அதனால்தான் அந்த நடை. மாரி மழையில் புதுத்துளிர் வந்தபோது கன்னியாப் பக்கத்துப் பற்றைகளில் இவற்றை நிறையவே கண்டோம்.

வளர்ந்த பூச்சியை வகைப்படுத்துவதுதான் பெரும்பாடு. வெள்ளைச் சீலையில் லைற் வெளிச்சத்துக்கு வந்து, நான்கு இறகையும் பரப்பி ஒட்டினாற்போல் அமர்ந்துவிடும். முன்னிறகில் ஓடும் கோடு பின்னிறகிலும் தொடர்வதைப் பலவற்றில் பார்க்கலாம். ஆனால் கோட்டை மட்டும் நம்பக்கூடாது. பூச்சியைத் திருப்பி, பின்னிறகின் நரம்புகளைக் கைவில்லையால் பார்க்க வேண்டும். எம்-2 என்ற நடு நரம்பு இல்லாமலோ மிக மங்கலாகவோ இருந்தால் அது எனோமினே துணைக்குடும்பம். குடும்பத்தின் கிட்டத்தட்டப் பாதி இனங்கள் இதற்குள் அடங்கும். இந்தியாவிலிருந்து அவுஸ்திரேலியா வரை பரவி, தேயிலையையும் தின்று தீர்க்கும் ஹைப்போசிட்ரா தலாக்கா இந்த வகைதான்.

பச்சைநிறத்தவை பெரும்பாலும் ஜியோமெட்ரினே துணைக்குடும்பம். அந்தப் பச்சை ஈரம் பட்டால் மங்கிவிடும், ஆகவே மாதிரிகளை நனையவிடாதீர்கள். இவற்றுள் தலாசோடெஸ் பேரினத்தைப் படத்தை வைத்து இனம் சொல்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் அவற்றைப் பிரித்தறிய முடியாது. பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

லாரென்டினே துணைக்குடும்பம் குளிர்நாடுகளிலும் உயர்மலைகளிலும் செழிப்பது. நுவரெலியாவுக்குப் பொருந்தும், கடல்மட்டத்தில் வெயிலில் காயும் எங்கள் ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பதிவேட்டில் அதன் பக்கம் மெலிந்திருப்பது அதனால்தான். எண்ணூறுக்கு மேல் இனங்களுள்ள ஸ்கோபுலா பேரினத்தைக் கொண்ட ஸ்டெரினே துணைக்குடும்பத்தில் இனி அதிகக் கவனம் வைக்கலாம். சின்னப் பூச்சிகள், வெளிறிய நிறம், எளிதில் தவறவிடுவோம்.

அப்புறம், பழைய நூல்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சியியலாளர் மூர் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றி எழுதிய நூல் 1880க்கும் 1887க்கும் இடையில் வந்தது, பூச்சியியலாளர் ஹாம்ப்சன் பிரித்தானிய இந்தியாவின் அந்துப்பூச்சிகள் பற்றி எழுதியதில் இக்குடும்பம் வரும் தொகுதி 1895இல். ஹாம்ப்சன் போவார்மினே என்றது இன்றைய எனோமினே, அசிடாலினே என்றது ஸ்டெரினே. பெயரை அப்படியே பதிவேட்டில் எழுத வேண்டாம்.

வரும் ஆண்டில் தம்பலகாமம் வயலோரத்திலும் நிலாவெளிக் கரையிலும் சீலை கட்ட நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. ஒவ்வொரு பதிவிலும் இடம், திகதி, புழுவானால் தின்ற செடி ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். கைவில்லைகளும் பற்றறிகளும் வாங்கிய செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.