பிளான் அனுப்ப மாட்டேன், முருகேசா

முருகேசா,

"உன் வீட்டு பிளானை அனுப்புடா, கோத்தகிரி மனையில் அப்படியே கட்டிவிடுகிறேன்" என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டாய். அனுப்ப மாட்டேன். காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

தென்காசிப் பக்கத்துப் பண்பொழியில் நாங்கள் குடிவந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. இங்கே எல்லாமே மேற்குதான். மார்ச்சிலிருந்து மே வரை சாயங்கால வெயில் மேற்குச் சுவரில் விழுந்தால் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வருவதும் அதே மேற்கிலிருந்துதான். வெயிலுக்கு அடைக்கணும், காற்றுக்குத் திறக்கணும், ரெண்டும் ஒரே பக்கம். இன்ஜினியர் முதலில் போட்ட பிளானில் பாத்ரூமையும் ஸ்டோர் ரூமையும் வைத்து அந்தப் பக்கத்தையே மூடியிருந்தார். வெயிலுக்கு அது சரிதான், ஆனால் குற்றாலக் காற்றை உள்ளே விடாமல் இந்த ஊரில் மனை வாங்குவானேன்? கடைசியில் மேற்கே எட்டடிக்குத் தாழ்வாரம் இறக்கி, உள்சுவரில் செங்கல் ஜாலி, அதாவது காற்று போக ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டுகிற தடுப்பு, வைத்தோம்.

ஏப்ரலில் எனக்கு ஒரே பெருமை. ஜூனில் சாரல் நேராக ஜாலி வழியாக அடுப்படிக்கே வந்துவிட்டது. உப்பு ஜாடி நீர்விட்டு, தீப்பெட்டி நமுத்து, பொரித்த அப்பளம் தட்டுக்கு வருமுன் துவண்டு, வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள் பார், அதற்குத் திட்டியே இருக்கலாம். இப்போது தாழ்வாரத்தில் சுருட்டி இறக்குகிற மூங்கில் தட்டி தொங்குகிறது.

சுவர் ராட் டிராப் முறை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரப்பியது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், சாதாரணம், இந்தப் பக்கத்துக் கொத்தனாருக்குப் புதுசு. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, ஒன்பது அங்குலச் சுவருக்குள் பொந்து விட்டுக் கட்டுவார்கள். செங்கல் கால்வாசி மிச்சம், பொந்தில் நிற்கிற காற்று வெயில் சூட்டைச் சட்டென்று உள்ளே கடத்தாது. முதல் நாள் கொத்தனார், "பொந்து விட்டா சுவரு நிக்குமா சார்?" என்று எனக்காக இரக்கப்பட்டு, கலவையை அள்ளி உள்ளே கொட்டி நிரப்பிவிட்டார். ரெண்டு வரியைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். வேலை முடிகிற சமயம் அவரே கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டி, சத்தம் கேட்டுச் சிரித்தார். ஒன்று சொல்லிவிடுகிறேன், வயரிங் எங்கே போகிறது என்று சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்துவிடு. நாங்கள் செய்யவில்லை, எலக்ட்ரீஷியன் காடி வெட்டப் போய் மூன்று இடத்தில் செங்கல் பொத்துக்கொண்டது.

சோலார் 3 கிலோவாட் போட்டோம், மானியம் 78,000 ரூபாய். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் போல வரும். சாரல் மாதங்களில் சரிந்துவிடும், அப்போது ஃபேனே போடுவதில்லை என்பதால் கவலையும் இல்லை. மின்விசிறி எல்லாம் பிஎல்டிசி என்கிற, கரண்ட் கம்மியாக இழுக்கிற மோட்டார் வைத்தது, பழசு 75 வாட் இழுத்த இடத்தில் இது முப்பதுக்குள் முடித்துவிடும். உன்னைப் போல எல்லாரும் முதலில் சோலாரைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் தாழ்வாரத்துக்கு அப்புறம்தான் அது.

இப்போது உன் மனைக்கு வா. கோத்தகிரியில் உனக்கு எதிரி குளிர். நான் விரட்டுகிற வெயிலை நீ கூப்பிட்டு உட்கார வைக்கணும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அதனால் கண்ணாடி ஜன்னல் பெரிதாகத் தெற்கில் வை, வெயில் உள்ளே வந்து தரையைச் சுட வைக்கட்டும். என் எட்டடித் தாழ்வாரத்தை அங்கே தெற்கில் இறக்கினால் பகலிலேயே ஸ்வெட்டர் போட்டு உட்காரலாம். ஜாலியை மறந்துவிடு. பொந்துச் சுவரை மட்டும் வைத்துக்கொள், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் தடுக்கவும் அது உதவும். பத்திரம் முடிந்த கையோடு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாதே. ஒரு டிசம்பரில் அங்கே போய் நாலு நாள் தங்கி, காலை வெயில் மனையில் எத்தனை மணிக்கு விழுகிறது, எந்த மரத்து நிழல் எதுவரை வருகிறது என்று குச்சி நட்டுப் பார்.

அதற்கு முன் ஜூலையில் இங்கே வா. துண்டு ரெண்டு கூடவே எடுத்து வா, இங்கே அப்போது எதுவும் காயாது.

உன்,
சங்கரன்