அளவைக் கூட்டுமுன் பிஎச் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் போட்டும் பழரசம் நுரைத்துவிட்டால், பலர் உடனே அளவைக் கூட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். புளிப்பில் பென்சோயேட் பென்சாயிக் அமிலமாக மாறும்; கிருமியின் சவ்வை எளிதில் கடப்பது அயனியாக, அதாவது மின்னேற்றம் கொண்ட துகளாக, பிரியாத அந்த அமிலம்தான். உள்ளே போன பிறகே அது பிரிந்து, செல்லுக்குள் புளிப்பேற்றி அதை முடக்கும். பிஎச் 4.2-இல் பாதி அமிலம் பிரியாமல் இருக்கும், 5.2-இல் சுமார் 9 சதவீதம், 6.2-இல் வெறும் 1 சதவீதம். அங்கே எவ்வளவு கொட்டினாலும் வீண்.

சேர்க்கும் விதத்திலும் கோளாறு உண்டு. தூளை அப்படியே புளிப்பான சாற்றில் தூவினால், விழுந்த இடத்திலேயே பென்சாயிக் அமிலமாக மாறி வெள்ளைத் துகளாக அடியில் படியும். 100 மில்லி நீரில் அது ஏறக்குறைய 0.3 கிராம்தான் கரையும். தூளைக் கொஞ்சம் வெந்நீரில் முழுதாகக் கரைத்து, சாற்றைக் கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்ற வேண்டும். சிட்ரிக் அமிலம் சேர்ப்பதானால் அதற்குப் பிறகு.

வைட்டமின் சி உள்ள பானத்துக்குப் பொட்டாசியம் சார்பேட் என்ற இன்னொரு காப்புப்பொருளே என் தேர்வு. பென்சோயேட்டும் வைட்டமின் சியும் சேர்ந்து சூடும் வெளிச்சமும் பட்டால், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் சிறிதளவு உருவாகலாம். சார்பேட்டும் சர்வரோக நிவாரணி அல்ல: சில பூஞ்சைகள் அதையே சிதைத்து மண்ணெண்ணெய் வாடை கிளப்பும். ஏற்கெனவே ஈஸ்ட் பெருகிவிட்ட சாற்றை இவை எதுவும் மீட்காது.

- ஓர் உணவுத் தொழில்நுட்பர்